நீச்சல் பந்தயத்தின் முதல் 15 மீட்டர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பகுதியில் நீச்சல் பந்தயங்களைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஒலிம்பிக் வீரர்களையும் பாராலிம்பிக் வீரர்களையும் ஒரே கட்டுரையில் சேர்த்து எழுதியதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும்; பெரும்பாலும் பின்னவர்களுக்குத் தனியாக ஒரு மூலைதான் கிடைக்கிறது. ஆயினும் பந்தயத் தொடக்கம் குறித்து அக்கட்டுரையில் இடம்பெற்ற இரண்டு கருத்துகளைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஒலி கேட்டதும் யார் முதலில் மேடையை விட்டுக் கிளம்புகிறாரோ அவரே சிறப்பாகத் தொடங்கியவர் என்பது ஒன்று. மாற்றுத்திறனாளி வீரர்களின் தொடக்கம் மற்றவர்களுடைய தொடக்கத்தின் குறைந்த வடிவம் என்பதும், உதவியாளரின் துணையால்தான் அது நிகழ்கிறது என்பதும் மற்றொன்று. நீச்சல் பயிற்சியில் நெடுங்காலமாக ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், உடலின் இயக்கத்தை விசைகளின் துணைகொண்டு ஆராயும் உயிரியக்கவியல் இவ்விரண்டைப் பற்றியும் கூறுவதைத் தங்கள் வாசகர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

நீச்சலில் தொடக்கம் என்பது மேடையிலிருந்து பாய்வதோடு முடிந்துவிடுவதில்லை. பயிற்றுநர்களும் ஆய்வாளர்களும் ஒலி எழும் கணத்திலிருந்து வீரரின் தலை 15 மீட்டர் குறியைக் கடக்கும் வரையிலான நேரத்தையே தொடக்க நேரமாகக் கணக்கிடுகிறார்கள். இந்த அளவுக்கு விதிகளிலேயே அடிப்படை உண்டு. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப், மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக் பந்தயத்தில் குளத்தின் நீளத்தில் பெரும்பகுதியை நீருக்கடியில், இரு கால்களையும் சேர்த்து மேலும் கீழும் உதைக்கும் டால்பின் கிக் அடித்தே கடந்தார். அதன்பின் நீருக்கடியில் செல்லும் தூரத்துக்கு வரம்பு கொண்டுவரப்பட்டு, அந்த வரம்பு 15 மீட்டர் என்று நிலைபெற்றது. 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் டெனிஸ் பன்கிராடோவ் பட்டர்பிளை பந்தயங்களில் இதே உத்தியால் வென்றபிறகு, அப்பிரிவுக்கும் வரம்பு வந்தது. இன்று ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்பிளை ஆகிய மூன்றிலும் தலை 15 மீட்டருக்குள் நீர்மட்டத்தைப் பிளந்து வெளிவந்தாக வேண்டும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு மட்டும் தூர வரம்பு இல்லை. ஆனால் நீருக்கடியில் கைகளை ஒருமுறை முழுவதுமாக இழுக்கவும், டால்பின் கிக் ஒன்றை மட்டும் அடிக்கவும்தான் அனுமதி உண்டு.

50 மீட்டர் பந்தயத்தில் இந்த 15 மீட்டர் மொத்தத் தூரத்தில் 30 விழுக்காடு ஆகும். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் ஆடவர் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இறுதியில் ஆஸ்திரேலியாவின் கேமரன் மெக்இவாய் 21.25 நொடியில் தங்கம் வென்றார். பிரிட்டனின் பெஞ்சமின் பிரவுட் 21.30 நொடியில் வெள்ளி பெற்றார். 2016ஆம் ஆண்டு ரியோவில் இதே பந்தயத்தில் ஆண்டனி எர்வினுக்கும் புளோரன்ட் மனாடூவுக்கும் இருந்த இடைவெளி நொடியில் நூறில் ஒரு பங்குதான். இத்தகைய இடைவெளிகளில் பதக்கத்தின் நிறம் தீர்மானமாகும்போது, முதல் 15 மீட்டரில் சேமிக்கப்படும் அல்லது இழக்கப்படும் நேரத்தைத் தனியே பார்க்காமல் பந்தயத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

இனி, யார் முதலில் கிளம்பினார் என்பதைக் காட்டும் எண்ணுக்கு வருகிறேன். தொலைக்காட்சித் திரையில் ஒவ்வொரு வீரரின் பெயருக்கு அருகிலும் 0.62, 0.67 என்று ஓர் எண் தோன்றுகிறது. எதிர்வினை நேரம் என்று பெயரிடப்பட்டிருந்தாலும் அது ஒலிக்கு உடல் காட்டும் முதல் அசைவின் நேரம் கிடையாது. ஒலி எழுந்ததிலிருந்து பாதங்கள் மேடையை விட்டு விலகும் வரையிலான முழு நேரம் அது. ஒலியைக் கேட்டுத் தசைகள் இயங்கத் தொடங்க ஏறத்தாழ 0.15 நொடி போதும். எஞ்சிய அரை நொடியில் வீரர் கைகளால் மேடையின் விளிம்பை இழுத்து, பின்காலாலும் முன்காலாலும் மேடையை உதைத்து, உடலை முன்னோக்கி முடுக்குகிறார். அந்த அரை நொடியைத் தாமதமாகக் கருதிவிட்டால் தொடக்கத்தின் மையப் பணியையே காணத் தவறிவிடுகிறோம்.

இங்கே பள்ளி இயற்பியல் பாடத்தில் வரும் கணத்தாக்கு உதவுகிறது. விசையையும் அது செயல்படும் நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது கணத்தாக்கு; உடல் பெறும் உந்த மாற்றம் அதற்குச் சமம். விசை அதே அளவில் இருந்தால், மேடையில் கூடுதலாகச் செலவிடும் ஒவ்வொரு கணமும் கிளம்பும் வேகத்தைக் கூட்டும். ஆனால் கடிகாரமும் ஓடிக்கொண்டே இருக்கும். எனவே மேடையில் நிற்கும் ஒவ்வொரு வீரரும் நேரத்தைக் கொடுத்து வேகத்தைப் பெறுகிறார். எவ்வளவு கொடுத்து எவ்வளவு பெறுவது என்பதில்தான் திறமை அடங்கியிருக்கிறது. விளக்கத்துக்காக ஒரு தோராயக் கணக்கைச் சொல்கிறேன். ஒருவர் மேடையில் 0.05 நொடி கூடுதலாக உதைத்து, நொடிக்கு 4.2 மீட்டருக்குப் பதிலாக 4.6 மீட்டர் கிடைவேகத்தோடு கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் 3 மீட்டரைக் கடப்பதிலேயே அவருக்கு 0.06 நொடி மிச்சமாகிறது. கொடுத்த நேரத்தை மீட்டுவிட்ட அவர், மற்றவரைவிட அதிக வேகத்தோடு நீருக்குள் நுழையவும் செய்கிறார். திரையில் தோன்றும் எண்ணோ அவரைத் தாமதமானவர் என்று சொல்லியிருக்கும். அவசரமாகக் கிளம்பிய வீரரைப் பாராட்டும் நம் வழக்கம் இளம் வீரர்களையும் அதே அவசரத்துக்குப் பழக்கிவிடுகிறது என்பதே என் கவலை.

மேடையின் அமைப்பும் இந்தப் பேரத்தை மாற்றியிருக்கிறது. விதிகளின்படி மேடை நீர்மட்டத்திலிருந்து 0.5 முதல் 0.75 மீட்டர் உயரத்தில் இருக்கலாம். அதன் சரிவு 10 பாகைக்கு மேல் போகக்கூடாது. முன்பு இரு பாதங்களையும் முன்விளிம்பில் வைத்து, விளிம்பைக் கைகளால் பற்றிப் பாய்வது வழக்கமாக இருந்தது. பிறகு ஓட்டப்பந்தய வீரரைப்போல ஒரு காலை முன்னும் மற்றொரு காலைப் பின்னும் வைக்கும் முறை பரவியது. ஏறத்தாழ 2009ஆம் ஆண்டிலிருந்து, பின்பகுதியில் முன்னும் பின்னும் நகர்த்திப் பொருத்தக்கூடிய சாய்வுப் பலகை கொண்ட மேடைகள் பெரிய போட்டிகளுக்கு வந்தன. பின்காலை அந்தப் பலகையில் ஊன்றும்போது உதையின் பெரும்பகுதி மேல்நோக்கிப் போகாமல் முன்னோக்கிப் போகிறது. அதனால் குறைந்த நேரத்தில் கூடுதல் கிடைவேகம் கிடைக்கிறது. பேக்ஸ்ட்ரோக் வீரர்களுக்குப் பாதம் சறுக்காமல் இருக்க நீர்மட்டத்தருகே தொங்கவிடும் சாய்தாங்கி அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. பலகையை எந்த இடத்தில் பொருத்துவது, எந்தக் காலைப் பின்னால் வைப்பது என்பதெல்லாம் வீரருக்கு வீரர் மாறும். சாதனையாளர் ஒருவரின் படத்தைப் பார்த்து அவரைப்போலவே நிற்பதால் பயன் கிடைப்பது அரிது.

காற்றில் இருக்கும் நேரம் மிகக் குறைவு, 0.3 முதல் 0.4 நொடி வரைதான். அதற்குள் உடலின் நிறைமையம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்கிறது. ஒரு மீட்டர் தாழும் எந்தப் பொருளும் ஈர்ப்பினால் நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர் கீழ்நோக்கு வேகத்தைப் பெறும். மேடையில் பெற்ற கிடைவேகத்தோடு அது சேரும்போது, வீரர் நொடிக்கு 6 மீட்டரைத் தாண்டும் வேகத்தில் நீரைத் தொடுகிறார். மெக்இவாய் தங்கம் வென்ற பந்தயத்தில் அவருடைய சராசரி வேகமே நொடிக்கு 2.35 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், பந்தயம் முழுவதிலும் வீரர் அதிவேகமாக இருப்பது நீரைத் தொடும் அந்தக் கணத்தில்தான் என்பது விளங்கும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்த வேகத்தை இயன்றவரை இழக்காமல் காப்பாற்றும் முயற்சியே.

காப்பாற்றுவது எளிதன்று. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. நீர் தரும் தடை வேகத்தின் இருமடியைப் பின்பற்றிக் கூடுகிறது. நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இருக்கும் தடையைவிட 6 மீட்டர் வேகத்தில் ஒன்பது மடங்கு தடை இருக்கும். ஆகவே துணிக்குள் ஊசி இறங்குவதுபோல, விரல் நுனி பிளந்த அதே இடத்தின் வழியாகத் தலையும் தோளும் இடுப்பும் காலும் உள்ளே போக வேண்டும். இடுப்பு சற்றுப் பின்தங்கி வேறிடத்தில் விழுந்தாலும், முழங்கால் சற்று மடங்கினாலும், மேடையில் அரை நொடி உழைத்துச் சேர்த்த வேகம் சிதறிவிடும். நுழையும் கோணம் மிகவும் தட்டையாக இருந்தால் வயிறு நீரில் மோதும். மிகவும் செங்குத்தாக இருந்தால் உடல் ஆழத்துக்குப் போய், மேலே வருவதற்கே நேரம் செலவாகும்.

நீருக்கடியில் செல்லும் பகுதியே தொடக்க நேரத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. 15 மீட்டரை 6 நொடியில் கடக்கும் ஒருவருக்கு மேடையிலும் காற்றிலும் சேர்த்துச் செலவாவது ஏறத்தாழ ஒரு நொடிதான். மீதி ஐந்து நொடியும் நீரில் கழிகிறது. அங்கே அவர் எடுக்க வேண்டிய முக்கிய முடிவு, எப்போது கால்களை இயக்கத் தொடங்குவது என்பதே. நுழைந்த வேகம் இன்னும் மிகுதியாக இருக்கும்போதே டால்பின் கிக் அடித்தால், உதைக்காக வளையும் உடல் கூடுதல் தடையை உண்டாக்கி வேகத்தைக் குறைத்துவிடும். காலந்தாழ்த்தினாலோ, உடல் நின்றுபோகும் அளவுக்கு மெதுவாகி, மீண்டும் முடுக்க வேண்டிய சுமை வந்து சேரும். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் அளவுக்கு இறங்கிவரும் வேளைதான் கிக் தொடங்க ஏற்றது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. நீர்மட்டத்தை ஒட்டிச் சென்றால் அலைகளை எழுப்புவதிலேயே ஆற்றல் வீணாகும் என்பதால் போதிய ஆழத்தில் செல்வதும் அவசியம். பயிற்சியின்போது மேடைப் பாய்ச்சலுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது இந்தப் பகுதிக்குக் கொடுத்தால் பல வீரர்களின் நேரம் குறையும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இவ்வளவையும் விளக்கியபிறகே மாற்றுத்திறனாளி வீரர்களின் தொடக்கத்தைப் பற்றிப் பேச முடியும். ஏனெனில் அவர்களுக்கும் இதே இயற்பியல்தான். கணத்தாக்கு, கோணம், தடை, நேரம் ஆகியவற்றில் எதிலும் வேறுபாடு கிடையாது. அந்தக் கணக்கைத் தீர்ப்பதற்குக் கையிலிருக்கும் கருவிகள்தாம் வேறுபடுகின்றன.

1960ஆம் ஆண்டு ரோம் நகரில் நடந்த முதல் பாராலிம்பிக்கிலிருந்தே நீச்சல் இடம்பெற்றுவருகிறது. இன்று வீரர்கள் எஸ்1 முதல் எஸ்14 வரையிலான வகுப்புகளில் போட்டியிடுகிறார்கள். எஸ்1 முதல் எஸ்10 வரை உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு உரியவை. எண் குறையக் குறைய இயக்க வரம்பு கடுமையாகும். எஸ்11 முதல் எஸ்13 வரை பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும், எஸ்14 அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் உரியவை. மேடைமேல் நின்று பாய்வது மட்டுமின்றி, மேடைமேல் அமர்ந்தும், மேடைக்குப் பக்கத்தில் நின்றும், நீருக்குள்ளிருந்தும் தொடங்க விதிகள் இடம்தருகின்றன. நீருக்குள்ளிருந்து தொடங்குபவர் ஒலி எழும்வரை ஒரு கையையாவது சுவரில் வைத்திருக்க வேண்டும். செயற்கைக் கால், செயற்கைக் கை ஆகியவற்றைப் போட்டியில் அணிய முடியாது.

ஒரு காலை இழந்த வீரரைக் கருதுவோம். மேடையில் அவருக்குப் பின்கால், முன்கால் என்ற பங்கீடு கிடையாது. இருக்கும் ஒரு காலை முன்விளிம்பில் ஊன்றுவதா, சாய்வுப் பலகையை நம்பிப் பின்னால் வைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். எந்தப் போட்டியாக இருந்தாலும் ஒரு பாதமாவது மேடையின் முன்பகுதியில் இருக்க வேண்டும் என்பது பொது விதி என்பதால், பெரும்பாலும் அந்தக் கால் முன்னுக்கு வருகிறது. கைகளின் இழுப்புக்குக் கூடுதல் பொறுப்பு சேர்கிறது. உதை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதால் உடல் காற்றில் சுழல முற்படும். அதை இடுப்பும் முதுகும் அடக்க வேண்டும். நீருக்கடியில் டால்பின் கிக் அடிக்கும்போதும் அதே சமச்சீரின்மை தொடர்கிறது. தென்னாப்பிரிக்காவின் நடாலி டு டோய்ட் 2001ஆம் ஆண்டு விபத்தில் இடது காலை இழந்தவர். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் ஒலிம்பிக் 10 கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சலில் 16ஆவது இடம் பிடித்த அவர், சில வாரங்களில் அதே நகரில் பாராலிம்பிக்கில் ஐந்து தங்கம் வென்றார். அவற்றுள் ஒன்று 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல். 10 கிலோமீட்டரில் முதல் 15 மீட்டர் என்பது ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு; 50 மீட்டரிலோ அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஒரே வீரரின் ஒரே உடல்தான்; ஆனால் தொடக்கம் பெறும் எடை இரண்டு பந்தயங்களுக்கும் இடையே இவ்வளவு மாறுகிறது.

கை இல்லாதவர்களின் நிலை முற்றிலும் வேறு. அவர்களுடைய கால்கள் முழு வலிமையோடு உதைக்கலாம். ஆனால் மேடையின் விளிம்பைப் பற்றி முன்னோக்கிச் சாய்ந்து நிற்க இயலாது. விளிம்பைப் பற்றாமல் அப்படிச் சாய்ந்தால், ஒலிக்கு முன்பே விழுந்து தகுதி நீக்கத்துக்கு ஆளாக நேரிடும். நீரில் நுழையும்போதோ முன்னே நீண்டு வழியமைக்கும் கைகள் இல்லாமல் தலையே முதலில் நீரைப் பிளக்கிறது; தோள்களின் அகலம் அப்படியே தடையாகிறது. சீனாவின் செங் தாவ் இரண்டு கைகளும் இல்லாதவர். பேக்ஸ்ட்ரோக் பந்தயத்தில் மற்றவர்கள் கைப்பிடியைப் பற்றித் தொங்கும்போது, அவர் துண்டின் முனையைப் பற்களால் கடித்து உடலை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார். முடிவில் தலையால் சுவரைத் தொடுகிறார். டோக்கியோ பாராலிம்பிக்கில் அவர் நான்கு தங்கம் வென்றார். துண்டைக் கடித்திருக்கும் அவருடைய படம் உலகெங்கும் வெளியானது. பெரும்பாலும் இரக்கத்தைத் தூண்டும் படமாக. உயிரியக்கவியல் கண்ணோடு பார்த்தால், சுவரில் பாதங்களை ஊன்றி, கழுத்துத் தசைகளால் உடலை நிலைநிறுத்தி, ஒலி எழுந்த கணத்தில் முழு விசையையும் கால்கள் வழியே செலுத்தும் நேர்த்தியான உத்தி அது.

மூளை முடக்குவாதம் உள்ள வீரர்களுக்கு, ஒரு பக்கத் தசைகள் இறுகியிருப்பதால் இரு பக்கங்களின் உதையும் ஒரே கணத்தில் வருவதில்லை. திடீர் ஒலி சிலருக்கு உடல் முழுவதையும் உதறவைக்கும் அனிச்சையைத் தூண்டிவிடும். தண்டுவடக் காயத்தால் கால்கள் இயங்காதவர் நீருக்குள்ளிருந்து தொடங்கும்போது, ஈர்ப்பு இலவசமாக அளிக்கும் வேகம் முழுவதையும் இழக்கிறார். சுவரைக் கையால் தள்ளுவதும் முதல் சில கைவீச்சுகளும்தான் அவருடைய தொடக்கம். அதே வகுப்பில் பக்கத்துத் தடத்தில் ஒருவர் மேடையிலிருந்து பாய்ந்திருக்கலாம். ஒரு நொடி கழிந்ததும் அப்படிப் பாய்ந்தவருடைய விரல்கள் சுமார் 3 மீட்டர் தொலைவில் நீரைத் தொட்டிருக்கும். உயரம் மிகக் குறைந்த வீரர்களுக்குப் பின்பலகை தொலைவாகிவிடுகிறது. கால்கள் நீளும் தூரம் குறைவு என்பதால் விசை செயல்படும் நேரமும் குறைகிறது. எஸ்11 வகுப்பில் அனைவரும் ஒளிபுகாத கறுப்புக் கண்ணாடி அணிகிறார்கள். மேடைமேல் நேராக நிற்பதையும் நீருக்குள் நேராகச் செல்வதையும் பாதத்தின் உணர்வாலும் பழக்கத்தாலும் மட்டுமே அவர்கள் உறுதிசெய்துகொள்ள வேண்டும். சற்றுக் கோணலாகப் பாய்ந்தாலும் தடக் கயிற்றில் மோதி வேகம் போய்விடும்.

செவித்திறன் குறைந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் வேகத்தில் பயணிக்கிறது. தொடக்க நடுவரிடமிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது 0.06 நொடி தாமதமாகவே சேரும் என்பதால்தான் ஒவ்வொரு மேடையிலும் ஒலிபெருக்கி வைக்கப்படுகிறது. ஒலியைக் கேட்க இயலாதவருக்கு ஒளி விளக்கு வேண்டும். ஆனால் ஒளிக்கு மனித உடல் காட்டும் எதிர்வினை, ஒலிக்குக் காட்டுவதைவிட நொடியின் நூறில் சில பங்குகள் பின்தங்குவது. மேடையின் இடைவெளியால் வரும் தாமதத்தைச் சரிசெய்ய இவ்வளவு அக்கறை காட்டும் நாம், விளக்கே வைக்கப்படாத போட்டிகளைக் கேள்வி கேட்காமல் விடுவது சரியன்று.

இப்போது உதவியாளர் பற்றிய கூற்றுக்கு வருகிறேன். சமநிலை இல்லாத வீரரை மேடைமேல் அசையாமல் நிற்க வைக்கவும், எஸ்1 முதல் எஸ்3 வரையிலான வகுப்பினரின் பாதத்தை ஒலி எழும்வரை சுவரோடு சேர்த்துப் பிடித்திருக்கவும் உதவியாளருக்கு அனுமதி உண்டு. ஆனால் அவர் வீரரைத் தள்ளவோ, வீரருக்கு எந்த வகையிலும் உந்தம் தரவோ கூடாது, தந்தால் விதிமீறலாகும். ஆக, உதவியாளரின் கை வீரரை அசையாமல் வைத்திருக்கிறது. வேகம் முழுவதும் வீரருடையது. தங்கள் கட்டுரையில் “உதவியாளரின் கைகளால் தொடங்கிவைக்கப்படும் பந்தயம்” என்று எழுதப்பட்டிருந்தது அந்த வீரர்களுக்கு நியாயம் செய்யவில்லை.

வகுப்புப் பிரிப்பு முறையைப் பற்றியும் இங்கே என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களை வகைப்படுத்த நீண்டகாலம் பயன்பட்ட புள்ளி முறையில் மொத்தம் 300 புள்ளிகள்: கைகளுக்கு 130, கால்களுக்கு 100, உடற்பகுதிக்கு 50, தொடக்கத்துக்கு 10, திருப்பத்துக்கு 10. ஒரு வகுப்பின் அகலம் 25 புள்ளிகள் அளவில் இருந்தது. கால்களுக்கும் உடற்பகுதிக்கும் தரப்படும் புள்ளிகளில் தொடக்கத்தின் ஒரு பங்கு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்பது உண்மை. எனவே 10 என்ற எண்ணை மட்டும் பிரித்தெடுத்துக் குறைகூறுவது முறையாகாது. ஆனாலும் 50 மீட்டர் பந்தயத்தில் மேடையிலிருந்து பாய்பவருக்கும் நீருக்குள்ளிருந்து தொடங்குபவருக்கும் இடையே தோன்றும் இடைவெளி, 400 மீட்டர் பந்தயத்தில் கரைந்துபோகும் இடைவெளியைப் போன்றதன்று. பந்தயத்தின் தூரம் எதுவானாலும் ஒரே வகுப்பு எண் பொருந்தும் என்ற ஏற்பாட்டை, 15 மீட்டர் நேரங்களை வகுப்பு வாரியாகத் திரட்டி மீண்டும் ஆராய வேண்டும் என்பது என் கருத்து. பாராலிம்பிக் வீரர்களின் தொடக்கத்தை ஆராய்ந்தவர்கள், குறைபாட்டின் கடுமை மட்டுமின்றி அதன் வகையும் தொடக்கத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் பாதிக்கிறது என்று எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். வகுப்பு எண் ஒன்றாக இருப்பதால் தொடக்கமும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்க இடமில்லை.

பயிற்றுநர்களுக்கும் இதில் ஒரு கடமை இருக்கிறது. சிறந்த வீரர் ஒருவரின் தொடக்கத்தை முன்மாதிரியாக வைத்து, அதிலிருந்து மாற்றுத்திறனாளி வீரர் எவ்வளவு விலகியிருக்கிறார் என்று பார்ப்பது தவறான இடத்திலிருந்து தொடங்குவதாகும். அவருடைய உடலில் எந்தப் பகுதி விசை தரும், எது திசை தரும், எது தடை தரும் என்று கட்டம் கட்டமாக அளந்து பார்க்க வேண்டும். உதையின் விசையை அளக்கும் விலையுயர்ந்த விசைத் தட்டுகள் இல்லாமலும் இது முடியும். நொடிக்கு 50 படங்கள் பதிவுசெய்யும் காணொளிக் கருவியே 0.02 நொடி துல்லியம் தரும். மேடையை விட்ட கணம், விரல் நீரைத் தொட்ட கணம், 5 மீட்டர், 10 மீட்டர், 15 மீட்டர் என்று குறித்துவைத்தால் நேரம் எங்கே கழிகிறது என்பது தெரிந்துவிடும். சிலருக்கு மேடைமேல் தடுமாறி நிற்பதைவிட நீருக்குள்ளிருந்து தொடங்குவதே 15 மீட்டரில் விரைவாக அமையலாம், சிலருக்கு நேர்மாறாக. அளந்து பார்க்காமல் இரண்டில் எதையும் திணிக்கக் கூடாது.

பாதுகாப்பையும் குறிப்பிட வேண்டும். மேடை உள்ள குளத்தில் சுவரிலிருந்து 1 மீட்டர் முதல் 6 மீட்டர் வரை குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கைகளை முன்னே நீட்டித் தலையைக் காத்துக்கொள்ளவும், விரல்களை உயர்த்தி மேல்நோக்கித் திரும்பவும் இயலும் ஒருவருக்குக்கூட இது தாராளமான ஆழம் கிடையாது. கைகள் இல்லாத ஒருவரோ, உடற்பகுதித் தசைகளை இயக்க இயலாத ஒருவரோ செங்குத்தாக நுழைந்துவிட்டால் திசையைத் திருத்திக்கொள்ள அவரிடம் வழியே இருக்காது. ஆழமற்ற நீரில் தலைகுப்புறப் பாய்வது கழுத்து எலும்பை முறித்துவிடக்கூடும். ஆழம் போதாத குளத்தில் பாய்ச்சலைப் பழக்காமல் இருப்பதே பயிற்றுநரின் பொறுப்பு. வீரர் எவ்வளவு ஆர்வத்தோடு கேட்டாலும் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

தங்கள் நாளிதழிடம் வேண்டுவது இரண்டு. நீச்சல் முடிவுகளை வெளியிடும்போது, கிடைக்கும் இடங்களிலெல்லாம் மேடையை விட்ட நேரத்தோடு 15 மீட்டர் நேரத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். முதல் எண்ணை மட்டும் தனியே அச்சிட வேண்டாம். பாராலிம்பிக் முடிவுகளில் வீரரின் வகுப்போடு, அவர் மேடைமேல் நின்றோ, அமர்ந்தோ, நீருக்குள்ளிருந்தோ எவ்வாறு தொடங்கினார் என்பதையும் ஒரு சொல்லில் குறிப்பிடுங்கள். அந்த ஒரு சொல் இருந்தால், நீருக்குள்ளிருந்து தொடங்கி இரண்டாவதாக வந்தவர் எஞ்சிய தூரத்தை எவ்வளவு வேகமாக நீந்தினார் என்பதை வாசகர் தாமாகவே கணித்துக்கொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஒரு நீச்சல் பயிற்றுநர்